ஜானகியம்மாளின் இராமானுஜன்

எண்ணூர் நெட்டுக்குப்பத்திலிருந்து தெற்கே நீளும் கரையில், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 1912 மார்ச் 1 அன்று முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார் சீனிவாச இராமானுஜன். சரக்குகளைச் சுற்றிவந்த தாள்கூட அவருக்குக் கணக்கெழுதும் ஏடாயிற்று. தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவரது மேதைமையை உணர்ந்தது அவருடைய பேறு. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் சென்றது. 1914 மார்ச் 17 அன்று இதே துறைமுகத்திலிருந்து 'நெவாசா' கப்பலும் சென்றது. குடுமி களைந்த கோலத்தைக் காணலாகாதென்று தாயையும் மனைவியையும் முன்னரே கும்பகோணம் அனுப்பிவிட்டார்.

உலகறிந்த வரலாறு இது. அறியப்படாதது ஜானகியின் வரலாறு. 1909இல் மணமானபோது அவருக்கு வயது பத்து. கணவருடன் வாழத் தொடங்கிச் சில காலத்திலேயே கடல் குறுக்கிட்டது. இருவரும் எழுதிய மடல்களை மாமியார் கோமளத்தம்மாள் மறைத்துவிட, மனைவி மறந்தாள் என்று அவரும், கணவர் மறந்தார் என்று இவரும் ஐந்தாண்டு நைந்தனர். கோமளத்தம்மாளைக் கொடியவராக மட்டும் காண்பதும் முறையன்று. மகனின் கணிதத்தை முதலில் நம்பியவர் அவரே.

ஞான ராஜசேகரன் இயக்கிய 'ராமானுஜன்' திரைப்படம் 2014இல் வந்தது. சுஹாசினி தாயாகவும் பாமா ஜானகியாகவும் நடித்த அப்படம், கணிதத்தை விடவும் இவ்வீட்டுப் போரையே நின்று பார்த்தது. மறு ஆண்டு வந்த ஆங்கிலப் படமோ, ஜானகியைத் தொடக்கத்திலேயே வளர்ந்த பெண்ணாக்கிக் காதற்கதை புனைந்தது. அழகுதான், ஆயினும் பத்து வயதுச் சிறுமியின் தனிமை அதில் காணாமற் போயிற்று.

1919இல் நோயுடன் திரும்பியவருக்கு அருகிருந்து பணிவிடை செய்தவர் ஜானகி. உன்னையும் அழைத்துச் சென்றிருந்தால் இந்நோய் வந்திராது என்று கணவர் வருந்தியதைப் பின்னாளில் அவர் சொன்னதுண்டு. படுக்கையில் தாள் தாளாகக் கணக்குகள் பெருகின. 1920 ஏப்ரல் 26 அன்று, சேத்துப்பட்டில், முப்பத்திரண்டு வயதில் இராமானுஜன் மறைந்தார். அத்தாள்களில் பெரும்பகுதி 1976இல்தான் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

ஜானகியம்மாள் பம்பாயில் தையல் கற்று, திருவல்லிக்கேணிக்குத் திரும்பி, தைத்தே பிழைத்தார். ஒரு சிறுவனை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். கணிதப் பேராசிரியர்கள் அவர் வாசல் தேடி வந்தது முதுமையில். 1994 ஏப்ரலில் அவர் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான், இராயபுரத்தில் பி.கே. சீனிவாசனின் முயற்சியால் இராமானுஜன் அருங்காட்சியகம் தோன்றியது, அந்தப் பழைய துறைமுகத்திற்குக் கூப்பிடு தொலைவில்.