மறைத்து வாழ மறுத்த தேவசகாயம்

திருவிதாங்கூர் நாட்டு நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு நாயர் குடியில் தோன்றியவர் நீலகண்டப் பிள்ளை. மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் ஏற்றுச் செல்வாக்குடன் திகழ்ந்தார். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் அம்மன்னரின் படையிலேயே பணியேற்ற டச்சுத் தளபதி டிலனாயின் நட்பால் கிறித்தவ நெறியை அறிந்தார். 1745 மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர்தம் துணைவியாரும் ஞானப்பூ என்னும் பெயருடன் அந்நெறியில் இணைந்தார்.

உள்ளத்தில் ஒரு சமயமும் ஊரார் முன் வேறொன்றுமாக வாழ்ந்திருப்பின் பதவி நிலைத்திருக்கும். அன்னாரோ தம் நெறியை மறைத்திலர்; தாழ்த்தப்பட்ட மக்களோடு வேற்றுமையின்றிக் கலந்து பழகினார். உயர்குடியினர் இதனைப் பொறுத்திலர். 1749இல் சிறைப்பட்டார். எருமை மீதேற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார். எத்துன்பத்திலும் அவர் நெறி பிறழவில்லை. 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

2022 மே 15ஆம் நாள் வத்திக்கானில் புனிதராக உயர்த்தப்பட்டார். அதற்கு முன்னர், 2020இல்தான் அவர் பெயரிலிருந்து சாதிப்பட்டத்தைத் திருச்சபை நீக்கியது. அவர் வாழ்ந்து துறந்ததை ஏடுகள் துறக்க 268 ஆண்டுகள் ஆயின!

இளைஞர்காள்! வாடகை வீட்டிற்காகவும் வேலைக்காகவும் பிறப்பையும் சமயத்தையும் மறைக்க நேர்ந்தோர் நம்மிடையே உளர். அவர்களைக் குறை கூறேன். மறைக்கச் செய்யும் சமுதாயமே நாணுதல் வேண்டும். மறைக்கத் தேவையற்ற நாளைக் கல்வியால் நாம் படைப்போமாக!