திடலைப் பெருக்கியவர், திடலை ஆண்டவர்: பல்வாங்கர் பாலுவை நினைவுகூர்தல்

திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதித் திடல்களில் ஞாயிறு காலை கிரிக்கெட் ஆடுவோரிடையே, இன்னும் ஓரிரு ஆண்டுகளில் பணி ஓய்வு பெறவிருக்கும் தொழிலாளர்களையும் காணலாம். துறைமுகத்திலும் ஆலைகளிலும் முப்பது ஆண்டுகள் உழைத்தவர்கள். ஓடிவந்து வீச முழங்கால் இடம் தராததால், நான்கே எட்டு வைத்துச் சுழற்பந்து வீசுகிறார்கள். சச்சினையும் தோனியையும் அறிந்த அவர்களிடமும், அவர்களின் பிள்ளைகளிடமும் பல்வாங்கர் பாலு என்னும் பெயரைச் சொன்னால், யார் அவர் என்றே கேட்கிறார்கள். இந்தியாவின் முதல் பெரும் பந்துவீச்சாளரை, அதுவும் நம்மவரை, நாமே அறியாதிருக்கிறோம்.

பாலு 1876இல் தார்வாடில், தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சாமர் சாதியில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணியாற்றியதால் குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. அங்கே பார்சிகளின் கிரிக்கெட் சங்கத்தில் திடலைப் பெருக்கி, உருளை இழுத்து, ஆடுகளத்தைச் சமன் செய்யும் வேலை பாலுவுக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் 3 ரூபாய். பின்னர் வெள்ளையரின் பூனா சங்கத்தில் 4 ரூபாய். அங்கேதான் ஆங்கிலேய ஆட்டக்காரர்கள் பயிற்சிக்காக அவரைப் பந்து வீசச் சொன்னார்கள். இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசும் அவரது பந்தை, பெயர்பெற்ற மட்டையாளரான கிரெய்க் நாள்தோறும் எதிர்கொண்டார். வலைப்பயிற்சியில் ஆயிரக்கணக்கில் பந்து வீசிய பாலுவின் கையில் மட்டையை மட்டும் எவரும் கொடுக்கவில்லை. வீசுவது வேலைக்காரனின் பணி, அடிப்பது எசமானனின் உரிமை என்பதே அன்றைய வழக்கம்.

வெள்ளையரை வெல்ல வேண்டும் என்ற ஆசை பூனாவின் சாதி இந்துக்களை அவரிடம் அழைத்து வந்தது. ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தை அவர்களும் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்குக் கூடாரத்துக்கு வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவுக்குத் தனி இடம். இரட்டைக் குவளை தேநீர்க் கடைகளில் மட்டுமன்று, கிரிக்கெட் திடலிலும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பிளேக் நோய் பரவிய காலத்தில் அவர் பம்பாய்க்கு இடம்பெயர்ந்தார். ரயில்வே வேலையும் இந்து ஜிம்கானா அணியில் இடமும் கிடைத்தன. 1906இல் இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றபோது, அதில் பாலுவும் தம்பி சிவராமும் பெரும் பங்காற்றினர். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற அனைத்திந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் அந்தப் பயணத்தில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 35. திரும்பி வந்தபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் பாராட்டு விழா எடுத்தனர். அவரைத் தம் மக்களின் பெருமையாகக் கொண்டாடியவர்களில் இளைஞர் அம்பேத்கரும் ஒருவர்.

அணித்தலைவர் பதவியோ அவருக்கு எட்டவே இல்லை. திறமையில் அவருக்குக் கீழே இருந்த உயர்சாதியினர் ஒருவர் பின் ஒருவராக அப்பதவியில் அமர்ந்தனர். ஓய்வை நெருங்கிய 1920இல் இந்த அநீதி வெடித்தது. தம்பியர் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறினர். மக்கள் கருத்து அவர்கள் பக்கம் நின்றது. இறுதியில் 44 வயதுப் பாலுவுக்குத் துணைத்தலைவர் பதவி கிடைத்தது. 1923இல் விட்டல் அணித்தலைவரானார். ஒரு தலைமுறைக்கு மறுக்கப்பட்டதை அடுத்தவர் பெற்றார் என்றால், அது எவருடைய கருணையாலும் அன்று, மறுத்து நின்றதால்.

ஓய்வுக்குப் பின் பாலு அரசியலுக்கு வந்தார். இங்கே நாம் தயங்காமல் உண்மையைப் பேச வேண்டும். தனித்தொகுதி வாக்குரிமைக் கேள்வியில் அவர் நமது சென்னையின் எம்.சி.ராஜாவோடு சேர்ந்து, அம்பேத்கருக்கு எதிர்நிலை எடுத்தார். 1932 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோரில் அவரும் உண்டு. 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று, ஏறத்தாழ 2,000 வாக்குகளில் தோற்றார். அம்பேத்கரைத் தோற்கடிக்கக் காங்கிரசுக்கு ஒரு தலித் நாயகன் தேவைப்பட்டார். அந்தத் தேவைக்குப் பாலு இசைந்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. அதற்காக அவரை நம் வரலாற்றிலிருந்து நீக்கிவிடவும் முடியாது. 1955 ஜூலையில் அவர் மறைந்தார். 2002இல் ராமச்சந்திர குஹாவின் நூல் வரும்வரை, அவர் பெயர் பொதுநினைவிலிருந்து பெரும்பாலும் மறைந்தே கிடந்தது.

பாலுவின் கதை பழங்கதையாகிவிடவில்லை. துறைமுகத்தையும் ஆலைகளையும் சுற்றி வாழ்வோர் அறிவர்: ஓய்வு எல்லோருக்கும் ஒன்றன்று. நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை, வைப்பு நிதி, மாலை, வழியனுப்பு விழா. அதே வாயிலில் அதே ஆண்டுகள் உழைத்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு, நுழைவுச் சீட்டு புதுப்பிக்கப்படாத நாளே ஓய்வு நாள். கழிவும் சாம்பலும் அள்ளுகிற கைகள் பெரும்பாலும் யாருடையவை என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திறமையை எடுத்துக்கொண்டு தகுதியை மறுப்பது, உழைப்பை எடுத்துக்கொண்டு பதவியை மறுப்பது என்ற பூனாத் திடலின் விதி இங்கும் நடப்பில் இருக்கிறது.

ஓய்வுபெறப் போகும் அந்தத் தொழிலாளர்களின் பணிக்காலக் கணக்கை இப்போதே எழுதி வைப்போம். எவர் எத்தனை ஆண்டு, எந்த ஒப்பந்ததாரரிடம், என்ன வேலை செய்தார் என்பதைக் கல்லூரி மாணவர்கள் கேட்டுப் பதிவு செய்யட்டும். பணிக்கொடை கேட்டு வழக்காடும் நாளில் அதுவே சான்றாகும். பாலுவின் விக்கெட்டுகளை எண்ணி வைத்த ஆட்டக் குறிப்பேடு இருந்ததால்தான், அவர் பெயரை நாம் மீட்க முடிந்தது.