செடிவேலிகளைத் தாண்டிய சிறுமி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் போமாண்ட் என்றொரு நகரம். அங்கே ஒரு தெருவில் வீடுகளின் முன்னே செடிவேலிகள் வரிசையாக இருந்தன. கடைக்குப் போய்வரும் சிறுமி ஒருத்தி சாலையில் ஓடாமல், அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டியே ஓடினாள். ஒரு வேலி மட்டும் மற்றவற்றைவிட உயர்ந்திருந்தது. அந்த வீட்டுக்காரரிடம் சென்று, அதை வெட்டிக் குறைக்குமாறு கேட்டாள்; அவரும் குறைத்துக் கொடுத்தார். அகலமான செடிகளில் கால் உரசாமலிருக்க, இடது முழங்காலை மடக்கித் தாண்டும் பழக்கம் அவளுக்குத் தானாகவே வந்தது.

1911-இல் பிறந்த மில்ட்ரெட் டிட்ரிக்சன்தான் அந்தச் சிறுமி. பேப் என்ற பெயரில் உலகம் அறிந்தவர். நார்வேயிலிருந்து குடியேறிய தச்சரான தந்தை, கொல்லைப்புறத்தில் பிள்ளைகளுக்காக உடற்பயிற்சிச் சாதனங்களைச் செய்துவைத்தார். துடைப்பக் கட்டையின் இரு முனைகளிலும் இஸ்திரிப் பெட்டிகளைக் கட்டினால் அதுவே எடைதூக்கும் கருவி. பேஸ்பால், கூடைப்பந்து, நீச்சல், டென்னிஸ் என எதையும் அவர் விடவில்லை.

டல்லஸ் நகரக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று அலுவலக வேலைக்கென்று அவரைச் சேர்த்துக்கொண்டது. உண்மையில் அதற்குத் தேவைப்பட்டது கூடைப்பந்து வீராங்கனை. 1932-இல் எவன்ஸ்டனில் நடந்த தேசியத் தடகளப் போட்டிக்கு அந்நிறுவனம் அனுப்பிய அணியில் அவர் ஒருவரே இருந்தார். ஒரே பிற்பகலில் எட்டுப் போட்டிகள். குண்டு எறிதல், ஈட்டி எறிதல், பேஸ்பால் எறிதல், நீளம் தாண்டுதல், தடை ஓட்டம் ஆகியவற்றில் முதலிடம். உயரம் தாண்டுதலில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். தனியொருவராக 30 புள்ளிகள் பெற்று அணிக்கான பட்டத்தையும் வென்றார். 22 பேருடன் வந்த அணிக்குக் கிடைத்தவை 22 புள்ளிகள்.

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஒரு பெண் மூன்று தனிப் போட்டிகளுக்குமேல் பங்கேற்க விதி இடம் தரவில்லை. ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம். உயரம் தாண்டுதலில் ஜீன் ஷைலியும் அவரும் தாண்டிய உயரம் ஒன்றே; தலையை முன்னால் செலுத்தித் தாண்டியது முறையல்ல என்று நடுவர்கள் அவருக்கு வெள்ளியே அளித்தனர். பயிற்சியாளர் செதுக்காத, தானாகக் கற்ற உடல் சில நேரங்களில் விதிப்புத்தகத்தோடு மோதுகிறது.

பின்னர்தான் கோல்ஃப். இருபது வயதைக் கடந்த பிறகே அவர் ஒரே விளையாட்டில் மூழ்கினார்; உள்ளங்கை கிழியும்வரை பந்தடித்தார். எனவே, எல்லாவற்றையும் செடிவேலியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் ஓடி நிற்கவும், சட்டென்று திரும்பவும், கண்ணும் கையும் ஒத்து இயங்கவும் தெரிந்த உடல் அதற்கு முன்பே தயாராகியிருந்தது. பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்வதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடுமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2016-இல் பரிந்துரைத்தது. ஆறு வயதிலேயே பிள்ளையை ஒரே பயிற்சி முகாமில் அடைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அதிகப் பயன்பாட்டால் வரும் மூட்டுக் காயங்களும், விளையாட்டே வெறுத்துப்போவதும் அந்த அவசரத்தின் விலை.

பெண்மையில்லாதவர் என்ற பத்திரிகைகளின் ஏளனத்தை பேப் நெடுங்காலம் சுமந்தார். 1950-இல் பெண்களுக்கான தொழில்முறை கோல்ஃப் சங்கத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 1953-இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. மறு ஆண்டே அமெரிக்க மகளிர் ஓபனை 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். 1956 செப்டம்பரில், 45-ஆம் வயதில், கால்வெஸ்டன் மருத்துவமனையில் அவர் மறைந்தபோது, அறையின் மூலையில் அவருடைய கோல்ஃப் மட்டைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.