விவசாயி பட்ட அடியை ஊர் அறியச் செய்தவர்

நம்ம கூட்டமைப்பு மலருக்காக, கஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்கிற பெரியவரைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1806-ம் வருஷம் சென்னையில் பிறந்தார். அப்பா அவுரிச் சாய வியாபாரி. இவரும் அவுரி, துணி வியாபாரம் செய்து நல்லா சம்பாதிச்சார். சம்பாதிச்சதை வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. 1844-ல் கிரசண்ட் என்ற பத்திரிகையைத் தொடங்கி, மக்கள் குறைகளை அதில் எழுத வைத்தார். 1852-ல் சென்னை சுதேசி சங்கத்தை ஆரம்பித்து, லண்டன் பார்லிமெண்டுக்கே மனு அனுப்பினார்.

அப்போ கம்பெனி ஆட்சி. நிலவரி கட்ட முடியாத விவசாயியை வெயிலில் குனிய வைத்து முதுகில் கல் ஏற்றுவாங்க. விரல்களைக் கிட்டி போட்டு நசுக்குவாங்க. பொம்பளைங்களையும் விடலை. அடிச்சவனே வரி வசூல் ஆளு, அவனே போலீசு. அப்புறம் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

1853-ல் டான்பி சீமோர் என்ற லண்டன் பார்லிமெண்ட் உறுப்பினர் இங்கே வந்தார். செட்டியார் அவரைக் கிராமங்களுக்குக் கூட்டிப்போய், மக்கள் படும் பாட்டைக் கண்ணால் பார்க்க வைத்தார். அவர் திரும்பிப் போய் 1854-ல் பார்லிமெண்டில் பேசினார். உடனே விசாரணைக் கமிஷன் போட்டாங்க. சித்திரவதை நடந்தது உண்மைதான் என்று 1855-ல் அறிக்கை வந்தது. பிறகு 1859-ல் தனிப் போலீஸ் சட்டம் வந்து, வரி வசூல் வேறு, போலீஸ் வேறு என்று ஆச்சு.

1863-ல் செட்டியாரைச் சென்னை சட்டசபைக்கு உறுப்பினராக நியமிச்சாங்க. அந்தக் காலத்தில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் கிடையாது. அந்தச் சபையில் பெண்களுக்கு இடமும் இல்லை. பொதுக் காரியத்துக்கே சொத்தைச் செலவு பண்ணிய அவர், 1868-ல் இறந்தபோது ஏழையாகத்தான் இருந்தார்.

இன்னைக்கு நம்ம கையில் ஓட்டு இருக்கு. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஆனாலும் தெருவில் தண்ணி வரலைன்னா குழாயடியிலேயே புலம்பிட்டு வீட்டுக்கு வந்துடுறோம். வாயால் சொன்னது காத்தோட போயிடும். தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கிராம சபையில் கொடுத்தால் அதற்குப் பதில் சொல்லியே ஆகணும். அதிகாரி வந்தால் ஆபீஸோடு திருப்பி அனுப்பாமல், தெருவுக்குக் கூட்டி வந்து காட்டணும். செட்டியார் செய்ததும் இதைத்தான். நாமும் செய்யலாம், சகோதரிகளே.