அண்ணலின் ஆய்வேட்டைத் திருத்திய ஆசான்

மாணவர் எவ்வளவு கற்றார் என்பதை மதிப்பெண் காட்டும். எங்கே தவறினார், எவ்வாறு தேறுவது என்பதை ஆசிரியரின் திருத்தமே காட்டும். அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை இதனை நமக்கு நன்கு விளக்குகிறது.

1891 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் மாவ் நகரில் பிறந்த அண்ணல், சாத்தாராப் பள்ளியில் பயின்றபோது, வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணியின்மீது தனியே அமர வேண்டியிருந்தது. ஆசிரியர் சிலர் தீட்டுக்கு அஞ்சி அவருடைய ஏட்டைத் தொடவில்லை. பாடத்தில் வினாக் கேட்கவும் இல்லை. அங்கே தண்ணீர் மறுக்கப்பட்டதை நாம் அனைவரும் அறிவோம். திருத்தம் மறுக்கப்பட்டதும் அதற்குக் குறைந்த கொடுமையன்று. ஏட்டைத் தொடாதவர் பிழையை எவ்வாறு காட்டுவார்?

இத்தடைகளைக் கடந்து 1907 இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னரின் உதவியால் 1913 இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியர் எட்வின் கேனனிடம் பயின்றார். ரூபாயின் மதிப்புப் பற்றிய தம் ஆய்வேட்டை அங்கே அளித்தார். அது முதலில் ஏற்கப்படவில்லை. அண்ணல் சோர்ந்தாரல்லர், அதனைத் திருத்தி 1923 ஆகஸ்டில் மீண்டும் அளித்தார். நவம்பரில் அது ஏற்கப்பட்டது, டி.எஸ்ஸி. பட்டமும் கிட்டியது.

அவ்வாண்டே அது நூலாயிற்று. அண்ணல் கண்டித்த நாணய முறையைக் கேனன் ஆதரித்தவர். எனினும் அணிந்துரை வழங்கினார். அதில் தம் மாறுபாட்டை மறைக்காது கூறி, மாணவரின் சிந்தனைப் புதுமையையும் பாராட்டினார். அண்ணலோ, ஆசானின் கடுமையான ஆராய்வு தம்மைப் பல பிழைகளினின்று காத்தது என நன்றியுடன் முன்னுரையில் குறித்தார். ஆயினும் நூலின் கருத்துகளுக்கு ஆசான் பொறுப்பல்லர் என்பதையும் தெளிவுபடுத்தினார். 1925 இல் இந்திய நாணயம் பற்றிய அரச ஆணையத்தின்முன் சான்றளிக்கும் அளவிற்கு அப்புலமை உயர்ந்தது.

சிவகிரி வட்டார இளைஞர்களே! விடைத்தாளில் சிவப்பு மையைக் கண்டு மனம் தளர வேண்டா. பிழை எது, ஏன் என ஆசிரியரைக் கேளுங்கள். மீண்டும் எழுதிக் காட்டுங்கள். நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: இகழ்ச்சி திருத்தமாகாது, பிழை கண்டும் காட்டாது விடுவது கருணையுமாகாது. நம் பிள்ளையின் ஏட்டைத் திருத்தாது ஒதுக்குவதும் ஒருவகைத் தீண்டாமையே. அதனையும் நாம் ஒழித்தாக வேண்டும்.