டாக்டர் ரிவர்ஸ்

இங்கிலாந்து தேசத்துக் கெண்ட் மாகாணத்தில் 1864-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் நாள் வில்லியம் ரிவர்ஸ் பிறந்தார். தந்தையார் ஒரு திருச்சபைக் குரு. திக்குவாய்க்குச் சிகிச்சை செய்து வந்தவர். எனினும் புதல்வருடைய திக்குவாய் ஆயுளளவும் முற்றும் நீங்கவில்லை. வைத்தியம் பயின்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்த இவர், 1901-02-இல் நம் நீலகிரிக்குப் போந்து, தோதவர் வழக்கங்களை ஆராய்ந்து, 1906-இல் பெருநூலொன்று வெளியிட்டார்.

1914-இல் மூண்ட மகாயுத்தத்தில், பீரங்கி முழக்கத்தினிடையே கிடந்தோர் பலர் உடலிற் காயமின்றியும் பேச்சிழந்தனர், நடுங்கினர், உறக்கத்திற் கதறினர். இவர்களைக் கோழைகளென இகழ்ந்தாரும் உளர். மின்சாரம் பாய்ச்சி வருத்திய வைத்தியரும் உளர். எடின்பரோ நகரையடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவசாலையில் 1916-17-இல் பணிபுரிந்த ரிவர்ஸோ, நோயுற்ற இராணுவ அதிகாரிகளின் அருகமர்ந்து செவிகொடுத்தார். நேர்ந்ததை வலிந்து மறக்க முயலுதலே நோயை வளர்க்கும், வாய்விட்டுரைத்தால் அதன் கடுமை தணியும் என்பது அவர் துணிபு.

ஆயினும், குணமடைந்தோரை மீண்டும் போர்முனைக்கே அனுப்புவது அவர் கடமையாயிற்று. அவரிடம் சிகிச்சை பெற்ற கவிஞர் சசூன் அவ்வாறே சென்று, 1918 ஜூலையில் தலையிற் குண்டடிபட்டு உயிர் பிழைத்தார். போரைப் பற்றிய மனப்போராட்டம் தம் கனவிலும் புகுந்தமையை ரிவர்ஸே எழுதிவைத்துள்ளார்.

1922 ஜூன் 4-ஆம் நாள் அவர் காலமானார். இத்தகைய நோய்க்கு அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தனிப்பெயரிட்டது 1980-இலேயாம். தம் நாத் திக்கினும் பிறர் நாவின் கட்டவிழ்த்த இப்பெரியாரை நினைந்து, துயருற்ற தோழன் பேச வருங்கால், மறந்துவிடு என்னாது நாமும் செவிகொடுப்போமாக.