குவிமாடமும் சில காகிதங்களும்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் வெண்ணிறக் குவிமாடத்தைத் தொலைக்காட்சியில் காணும்போதெல்லாம், அதை வடிவமைத்தவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் எண்ணுவதுண்டு. அவர் தாமஸ் அஸ்டிக் வால்டர். 1804-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். கொத்தனாரான தந்தையிடம் செங்கல் அடுக்கக் கற்று, பின்னர் கட்டடக் கலைஞராக உயர்ந்தவர்.

ஆதரவற்ற சிறுவர்களுக்கான ஜிரார்டு கல்லூரிக் கட்டடம் அவருக்குப் புகழைத் தந்தது. 1837-இன் பொருளாதார நெருக்கடியோ அவரைக் கடனாளியாக்கியது. துறைமுகப் பணிக்காக வெனிசுலா வரை சென்றார். 1851-இல் நாடாளுமன்றக் கட்டடத்தை விரிவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அங்கிருந்த நூலகம் தீப்பற்றி, ஏறத்தாழ 35 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. மரத்தைத் தவிர்த்து, வார்ப்பிரும்பைக் கொண்டு புதிய நூலகக் கூடத்தை அமைத்தார் வால்டர். குவிமாடத்தையும் வார்ப்பிரும்பாலேயே எழுப்பினார். உள்நாட்டுப் போருக்கு நடுவே, 1863-இல் அதன் உச்சியில் சிலை நிறுவப்பட்டது.

இடையில், பணிகளைக் கண்காணித்த ராணுவப் பொறியாளர் மாண்ட்கோமரி மெய்க்ஸுடன் கடும் பூசல் மூண்டது. வடிவமைப்பின் பெருமை யாருக்கு என்பதே சிக்கல். வரைபடங்களை ஒப்படைக்க வால்டர் மறுத்தார். அதை வெறும் பிடிவாதமாக என்னால் கருத இயலவில்லை. கட்டடம் அரசுக்கு உரியது. அதைக் கற்பனை செய்த கைக்குச் சான்று அந்தக் காகிதங்கள் மட்டுமே.

1865-இல் அவர் பதவி விலகினார். சம்பளத்துக்கு அப்பால் செய்த பணிகளுக்கு அவர் கோரிய ஊதியம், அவர் உயிரோடு இருந்தவரை கிடைக்கவில்லை. 1873-இன் நெருக்கடியில் சேமிப்பும் கரைந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் தலைவராக இருந்த காலத்திலும், பிலடெல்பியா நகர மன்றக் கட்டடப் பணியில் மற்றொருவரின் கீழ் உதவியாளராக உழைத்தார். 1887-இல் மறைந்தார்.

அவருடைய வரைபடங்களும் நாட்குறிப்புகளும் இன்று பிலடெல்பியாவின் அதீனியம் நூலகத்தில் உள்ளன. 1814-இல் தொடங்கப்பட்ட உறுப்பினர் நூலகம் அது. கட்டடக் கலை, உள்ளரங்க வடிவமைப்பு ஆகியவற்றின் வரலாற்றுக்குச் சிறப்பிடமாக விளங்குகிறது. குவிமாடத்தைப் பராமரிக்க அரசின் கருவூலம் உண்டு. அதை வரைந்தவரின் நினைவைக் காப்பதற்கோ இத்தகைய நூலகங்களே துணை. பழைய கட்டடங்களைக் காக்கக் குரல் கொடுக்கும் நாம், அவற்றின் வரைபடங்கள் எங்கே என்றும் கேட்க வேண்டும்.